லயன் வீட்டு லேகியம்

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் குழந்தை பெறும் பெண்களுக்கு 2015இல் ஒரு பரிசுப் பெட்டகம் கொடுக்கத் தொடங்கினார்கள். உள்ளே 16 பொருள்கள். துண்டு, சட்டை, கொசுவலை, எண்ணெய், நகவெட்டி, கிலுகிலுப்பை என்று பெரும்பாலானவை குழந்தைக்கு. தாய்க்கென்று வைத்தவற்றில் ஒன்று குளியல் சோப்பு, இன்னொன்று 100 கிராம் சௌபாக்கிய சுண்டி லேகியம். நாளுக்கு ஒரு நெல்லிக்காய் அளவு உருட்டிச் சாப்பிட்டால் அது பத்து நாளைக்கு வரலாம். நம் வீடுகளில் பிரசவ லேகியத்தின் கணக்கோ நாற்பது நாள். மீதி முப்பது நாளைக்கு யார் கிண்டித் தருவார்கள்? அந்த முப்பது நாளும் அவள் வீட்டில் இருக்க முடியுமா? நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் இந்த இரண்டு கேள்விகளுக்கும் நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. லேகியத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சரக்குப் பட்டியலோடு நின்றுவிடுவதால் அந்த வரலாறு அடுப்படிப் புகையிலேயே மறைந்து கிடக்கிறது.

பட்டியலையும் சொல்லத்தான் வேண்டும். பிரசவ லேகியம், பிள்ளை பெற்ற மருந்து, பேறுகால மருந்து என்று பெயர் ஊருக்கு ஊர் மாறினாலும் சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் மாறாது. அவற்றோடு ஓமம், சீரகம், கண்டந்திப்பிலி, சித்தரத்தை, வாய்விளங்கம், அதிமதுரம், ஜாதிக்காய், கசகசா என்று வீட்டுக்கு வீடு கூடும், குறையும். கொங்குப் பக்கத்தில் இந்தச் சரக்குகளுக்குச் ‘செலவு’ என்று பேர். நாட்டு மருந்துக் கடையில் போய்ப் பிள்ளை பெற்றவளுக்குச் செலவு கட்டச் சொன்னால், அளவு கேட்காமலே பொட்டலம் மடித்துத் தருவார்கள். பந்தலூர், கூடலூர் மலையாள வீடுகளில் இதற்கு இணையான பிரசவ ரட்சை மருந்துகள் உண்டு. யாழ்ப்பாணத்தில் பத்தியக் கறிக்கென்றே சரக்குத் தூள் இடிப்பார்கள்.

செய்முறை பொறுமையைக் கேட்பது. சரக்குகளைத் தனித்தனியே இளவறுப்பாக வறுத்து, இடித்து, மெல்லிய துணியில் சலிக்க வேண்டும். கருப்பட்டி அல்லது வெல்லத்தைக் கரைத்து, மண் வடிகட்டி, பாகு காய்ச்சித் தூளைத் தூவிக் கிண்ட வேண்டும். நல்லெண்ணெயும் நெய்யும் மாறி மாறி விட, குடித்த எண்ணெயைத் திருப்பிக் கக்கி, சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும்போது இறக்கலாம். தேன், ஆறிய பிறகுதான். தீபாவளி லேகியத்துக்கு இது மூத்த அக்காள். நாக்கில் முதலில் இனிப்பு, தொண்டையில் இறங்கும்போது சுக்கின் காரம், சற்று நேரத்தில் வயிற்றில் ஒரு வெதுவெதுப்பு. சில வீடுகளில் மூன்றாம் நாள், சில வீடுகளில் ஐந்தாம் நாள் தொடங்குவார்கள். முதலில் சுண்டைக்காய் அளவு, பிறகு நெல்லிக்காய் அளவு, காலையில் வெறும் வயிற்றில். கூடவே பூண்டுக் குழம்பு, வெந்தயக் களி, உளுந்தங்களி, பால் சுரக்கக் கருவாடு.

எந்தச் சமையல் குறிப்பிலும் எழுதப்படாத இரண்டு சரக்குகள் இதில் உண்டு. கிண்டுவதற்கு ஒரு மூத்த பெண் வேண்டும்; தின்றுவிட்டுப் படுத்திருக்க நாற்பது நாள் வேண்டும். பச்சை உடம்புக்காரி குளிர்ந்த தண்ணீரில் கைவைக்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்ற விதிகளோடு சேர்த்துத்தான் லேகியம் ‘மருந்து’ ஆகிறது. காலையில் இதைத் தின்றுவிட்டு எட்டு மணிக்குக் கூடை மாட்டிக் கொழுந்து எடுக்கப் போகிறவளுக்கு அது வெறும் இனிப்புதான்.

தோட்டத்துப் பெண்களின் இந்தச் சிக்கல் நீலகிரியில் தொடங்கியதல்ல. 1838இல் விட்பி, ஹெஸ்பரஸ் என்ற இரு கப்பல்கள் கல்கத்தாவிலிருந்து பிரிட்டிஷ் கயானாவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்றன. 1845 மே 30 அன்று ஃபட்டல் ரசாக் என்ற கப்பல் டிரினிடாட் சேர்ந்தது. 1917இல் ஆள் பிடிப்பது நிறுத்தப்படும்வரை கயானாவுக்கு ஏறத்தாழ 2,39,000 பேரும் டிரினிடாடுக்கு 1,44,000 பேரும் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் போஜ்புரி, அவதி பேசியவர்கள். சென்னையில் கப்பலேறியவர்கள் சிறு பங்கு. பிரெஞ்சுக்காரர்களின் மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்கு 1850களில் தொடங்கிப் புதுச்சேரி, காரைக்கால் வழியாகப் போனவர்களில்தான் தமிழர்கள் அதிகம்.

போஜ்புரி வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்குச் சுக்கும் வெல்லமும் நெய்யும் சேர்த்த சோண்டௌரா உருண்டை கொடுப்பது வழக்கம். கரீபியனில் அந்த இடத்துக்கு அல்வா வந்தது. மாவை நெய்யில் சிவக்க வறுத்து, இஞ்சி, மசாலா, சர்க்கரை, பால் சேர்த்துக் கெட்டியாகக் கிண்டியது. கயானாவில் பிள்ளை பிறந்த ஒன்பதாம் நாள் சடங்கையும், டிரினிடாடில் ஆறாம் நாள் சட்டி, பன்னிரண்டாம் நாள் பரஹி சடங்குகளையும் ஒட்டிய பண்டங்களோடு இதுவும் சேர்ந்துகொண்டது. நாட்டு மருந்துக் கடை இல்லாத ஊரில் சரக்குப் பட்டியல் சுருங்குவது இயல்பு. கரும்புத் தோட்டத்தில் சர்க்கரைக்கு மட்டும் பஞ்சமில்லை.

அங்கே கிடைக்காமல் போனது முதல் சரக்கு, மூத்த பெண். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்களாவது கப்பலேற வேண்டும் என்று விதி இருந்தது. அந்த நாற்பதையும் உழைக்கும் வயதில் பார்த்தே பிடித்தார்கள். கிழவிகளைத் தோட்டம் கேட்கவில்லை. கயூத்ரா பகதூர் 2013இல் வெளியிட்ட ‘கூலி உமன்’ நூல் தம் கொள்ளுப்பாட்டி சுஜாரியாவின் தடம் தேடிப் போவது. 1903இல் கிளைட் என்ற கப்பலில் கர்ப்பிணியாக, கணவன் துணையின்றி ஏறிய சுஜாரியாவுக்குக் கடலிலேயே பிரசவம் ஆனது. அந்தக் கப்பலில் அவருக்கு யார் மருந்து கிண்டியிருப்பார்கள்? கயானா அல்வாவைச் சுவைத்து எழுதும் இன்றைய சமையல் எழுத்தாளர்கள் இந்தக் கேள்வியைத் தொடுவதில்லை. அந்தப் பண்டம் பிழைத்ததே, தாயும் மாமியாரும் இல்லாத இடத்தில் உடன் வந்த பெண்கள் ஒருத்திக்கொருத்தி தாயானதால்தான் என்று நான் கருதுகிறேன்.

நீலகிரி, சரக்குகளுக்குக் குறைவில்லாத மலை. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் இஞ்சியும் மிளகும் ஏலமும் விளைகின்றன. கேத்தி, கோத்தகிரி, ஊட்டி வட்டாரத்துப் பூண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கி ஏலம் போகிறது. காரம் கூடுதலான அந்த மலைப்பூண்டைப் பூண்டு லேகியத்துக்கென்றே தேடி வாங்குகிறவர்கள் சமவெளியில் உண்டு. குறும்பரும் இருளரும் பாறை முகட்டில் தொங்கும் மலைத்தேனை எடுக்கிறார்கள். 1993இல் தொடங்கிய கீஸ்டோன் அறக்கட்டளை கோத்தகிரியிலிருந்து அந்தத் தேனைச் சந்தைக்குக் கொண்டுவருகிறது. கருப்பட்டியும் நல்லெண்ணெயும்தான் கீழிருந்து மலையேற வேண்டியவை.

மலையில் லேகியம் கிண்டுவதில் ஒரு சிறு இயற்பியல் இருக்கிறது. சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் தண்ணீர் 93 பாகைக்குள்ளேயே கொதித்துவிடும். வெப்பமானி வைத்துப் பாகு காய்ச்சுகிறவர் கீழ்நாட்டு அளவை அப்படியே பின்பற்றினால் பாகு முறுகிவிடும். விரலிடுக்கில் கம்பி பார்க்கும் பாட்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. கம்பிப் பதம் பாகின் அடர்த்தியைக் காட்டுவது, மலையானாலும் கடற்கரையானாலும் அது ஒன்றே. குளிரில் நெய் உறைந்து லேகியம் கட்டியாகும், நல்லெண்ணெய் உறையாது. இங்கே எண்ணெய்ப் பங்கைத் தாராளமாக்குவதில் பொருள் உண்டு.

தோட்டங்கள் வருவதற்கு முன்பே இங்கிருந்தவர்களுக்குப் பேறுகாலத்துக்கென்று தனி ஏற்பாடுகள் இருந்தன. தோடர்களைப் பற்றி 1906இல் பெருநூல் எழுதிய டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ், பிரசவித்த பெண் ஊரை விட்டுத் தள்ளித் தனிக் குடிலில் தங்கியிருப்பதைப் பதிவு செய்திருக்கிறார். அந்த ஒதுக்கத்தைத் தீட்டு என்று மட்டும் படிப்பது எளிது. எருமையும் பாலும் நெய்யுமே வாழ்வான ஒரு சமூகத்தில் வேலையிலிருந்து கிடைத்த விலக்காகவும் அது இருந்திருக்கும் என்பதே என் வாசிப்பு. ரிவர்ஸ் பால் சார்ந்த சடங்குகளுக்குக் கொடுத்த பக்கங்களை அடுப்படிக்குக் கொடுக்கவில்லை. பேறுகால உணவைத் தேடிப் பழைய இனவரைவியல் நூல்களைப் புரட்டுகிற எவருக்கும் இந்த ஏமாற்றம் காத்திருக்கிறது. எழுதியவர்கள் ஆண்கள், அவர்களுக்குச் சொன்னவர்களும் பெரும்பாலும் ஆண்கள்.

தேயிலை வணிகமாக வேரூன்றியது 1850களில். கோவை, சேலம், மைசூர்ப் பக்கத்துச் சமவெளிகளிலிருந்து மேஸ்திரிகள் முன்பணம் கொடுத்து ஆள் கொண்டுவந்தார்கள். இந்த முதல் தலைமுறைக்குக் கடல் தாண்டியவர்களுக்கு இல்லாத ஒரு வசதி இருந்தது: தாய்வீடு கீழேயே இருந்தது. 1899இல் மலை ரயில் குன்னூரை எட்டியபோது அந்தத் தாய்வீடு இன்னும் நெருங்கியது. தலைப்பிரசவத்துக்கு மேட்டுப்பாளையம் இறங்கி ஊருக்குப் போய், மூன்றாம் மாதம் டின்னில் மருந்தோடு திரும்புவது குடும்பத்துக்கு ஏலும்போது நடந்தது. ஏலாதபோது தொழிலாளர் வரிசை வீடான லயனிலேயே பிரசவம். பத்தடிக்குப் பத்தடி அறையில், புகைபோக்கி இல்லாத அடுப்புக்குப் பக்கத்தில் பச்சை உடம்புக்காரி. அடுத்த வீட்டுக்காரி வேலை முடித்து வந்து சட்டி ஏற்றுவாள்.

இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பிய தமிழர்களுக்கு அந்த வசதியும் இல்லை. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை தரவும் வகை செய்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பதிந்து, அங்கிருந்து நீலகிரிக்கு வந்தவர்கள் ஏராளம். அவர்களுக்காகவே 1968இல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கி, 1970களின் நடுவில் டேன்டீ என்ற நிறுவனமானது. குன்னூர், கோத்தகிரி, பாண்டியார், நடுகாணி, சேரம்பாடி, கொளப்பள்ளி என்று அதன் கோட்டங்கள் விரிந்தன.

ஒப்பந்தத்தின்படி கொடுத்த குடியுரிமை விண்ணப்பம் குடும்பத்தைக் கிளை கிளையாக வெட்டியது. மகளுக்கு இந்தியப் பாஸ்போர்ட், தாய்க்கு இலங்கைக் குடியுரிமை என்று பிரிந்த வீடுகள் உண்டு. தாய் நுவரெலியாவிலோ ஹட்டனிலோ இருக்க, கூடலூர்க் காட்டோரம் புதிதாக நட்ட தேயிலைக்கு நடுவில் பிள்ளை பெற்றவளுக்குத் தாய்வீடு என்று போக இடமில்லை. இலங்கைத் தோட்டத்தில் அவள் பிள்ளைமடுவம் என்ற குழந்தைக் காப்பகத்தை அறிந்திருந்தாள். 1939இலேயே அங்கே மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் வந்திருந்தது. இங்கே எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. கயானாக் கப்பலில் நடந்தது போலவே ஒரே முகாமில் இருந்தவர்கள், ஒரே லாரியில் வந்தவர்கள் உறவானார்கள். சரக்குப் பட்டியலும் அப்படித்தான் கலந்தது: கண்டிச் சீமையில் கற்ற பத்தியக் கறி, பூர்வீக ஊரான திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்துக் கருப்பட்டி மருந்து, கூடலூரில் பக்கத்து வீட்டு மலையாளிப் பெண் சொன்ன வெந்தயக் கஞ்சி.

இரண்டாவது சரக்கான நாற்பது நாளுக்குச் சட்டத்தின் கதை வேண்டும். வாஷிங்டனில் 1919இல் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் பெண்ணை வேலைக்கு வைக்கக் கூடாது என்ற உடன்படிக்கையை ஏற்றது. பம்பாய் 1929இலும் சென்னை மாகாணம் 1934இலும் மகப்பேற்றுச் சட்டம் இயற்றின. 1951இன் தோட்டத் தொழிலாளர் சட்டம் பெண்கள் மிகுந்த தோட்டங்களில் குழந்தைக் காப்பகம் கேட்டது. 1961இன் மகப்பேற்று நலச் சட்டம் தோட்டங்களைப் பெயர் சொல்லிச் சேர்த்து, 12 வாரச் சம்பள விடுப்பு தந்தது. பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரத்தில் வேலை வாங்குவதையே தடை செய்தது. ஆறு வாரம் என்பது 42 நாள். பாட்டியின் நாற்பதும் மாநாட்டின் நாற்பத்திரண்டும் ஒன்றையொன்று பார்த்து எழுதப்பட்டவையல்ல. கருப்பை பழைய அளவுக்குச் சுருங்க ஏறத்தாழ ஆறு வாரம் ஆகிறது. இருவரும் ஒரே உடம்பைத்தான் கவனித்திருக்கிறார்கள். தோட்டத்தில் லேகியம் மறுபடி மருந்தானது இந்தச் சட்டத்தால்தான் என்பேன். கொழுந்து எடுக்காத நாளுக்கும் சம்பளம் வரும் என்றால்தான் கருப்பட்டி வாங்கவும் முடியும், படுத்திருக்கவும் முடியும்.

இந்த மகப்பேற்றுச் செலவு தோட்ட நிர்வாகங்களின் கண்ணை உறுத்தியதற்கு ஒரு வினோதமான சான்று இருக்கிறது. குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்தியத் தோட்ட அதிபர் சங்கமான உபாசி, 1971இல் நீலகிரியின் மூன்று தேயிலைத் தோட்டங்களில் ‘பிறப்பில்லா ஊக்கத்தொகை’ என்று சொல்லத்தக்க ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அமெரிக்கப் பொருளியலாளர் ரோனால்ட் ரிட்கரின் யோசனை அது. பெண் தொழிலாளியின் பேரில் மாதம் 5 ரூபாய் கணக்கில் ஏறும். மூன்றாவது பிள்ளை, நான்காவது பிள்ளை என்று பிறந்தால் அதில் ஒரு பகுதி பறிபோகும். எஞ்சியது பிள்ளை பெறும் வயது கடந்தபின் கைக்கு வரும். மகப்பேற்று விடுப்பு, ஆஸ்பத்திரி, காப்பகம் என்று ஒவ்வொரு பிறப்புக்கும் தோட்டம் செலவழிப்பதால், பிறப்பு குறைந்தால் மிச்சமாகும் பணத்தில் பெண்ணுக்கும் பங்கு என்பது அதன் தர்க்கம். மக்கள்தொகை ஆய்விதழ்களில் இது நிறையப் பேசப்பட்டது. பெற்றவளுக்கு லேகியம் கொடுத்துக் கொண்டாடிய அதே லயனில், பெறாதவளுக்கு மாதம் ஐந்து ரூபாய்! இதே காலத்தில் உபாசி, லயன்களிலேயே வாழும் பெண்களைத் தொடர்புப் பணியாளர்களாக்கித் தாய்சேய் நலத்தை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோனதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மருந்தாக லேகியம் என்ன செய்கிறது? 2016இல் வெளியான ஒரு தாய்லாந்துச் சோதனையில் சுக்கு மாத்திரை சாப்பிட்ட தாய்மாருக்கு மூன்றாம் நாள் பால் கூடியிருந்தது; ஏழாம் நாள் வித்தியாசம் இல்லை. வெந்தயத்தைப் பற்றிய ஆய்வுகள் ஒரு முடிவுக்கு வரவில்லை. வெல்லமும் எண்ணெயும் சேர்ந்த உருண்டை, பால் கொடுப்பவளுக்குத் தேவைப்படும் கூடுதல் கலோரியில் ஒரு பங்கைத் தருகிறது. கர்ப்பகாலச் சர்க்கரை வந்தவளுக்கு அதுவே கெடுதல். தேனைத் தொட்டுக் குழந்தையின் நாக்கில் வைப்பது கூடவே கூடாது. ஒரு வயதுக்குள் தேன் ஆபத்து. பத்தியம் என்ற பேரில் தண்ணீரைக் குறைப்பதும் காய்கறியை விலக்குவதும் பாட்டிகள் சொன்னதில் நாம் கைவிட வேண்டியவை. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உள்ளவர்கள் என்று தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்லும் நிலையில், இரும்புச்சத்து மாத்திரையின் இடத்தைக் கருப்பட்டி பிடிக்காது. அரசுப் பெட்டகத்தில் லேகியத்தைப் பார்த்துச் சிலர் பெருமைப்பட்டார்கள், சிலர் நகைத்தார்கள். இரு தரப்பும் டப்பாவுக்குள் இருப்பதைப் பற்றியே பேசின.

விடுப்பின் கதை 1961க்குப் பின்னும் நகர்ந்திருக்கிறது. விடுப்புச் சம்பளத்துக்கு முந்தைய ஓராண்டில் 160 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை 1988இன் திருத்தம் 80 நாளாகக் குறைத்தது. 2017இல் முதல் இரண்டு பிள்ளைகளுக்கு விடுப்பு 26 வாரமானது. மூன்றாவதுக்குப் பழைய 12 வாரமே. 2020இன் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொண்டது.

இந்த 80 நாள் இப்போது வேறு சிலருக்கு முக்கியமாகியிருக்கிறது. நீலகிரித் தோட்டங்களில் உள்ளூர்ப் பிள்ளைகள் படித்துத் திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கிவிட, கடந்த சில ஆண்டுகளில் ஜார்க்கண்ட், ஒடிசா, அசாம், பீகார் மாநிலத்துக் குடும்பங்கள் லயன்களை நிரப்புகின்றன. 1838இல் கயானா போன முதல் கப்பல்களில் ஏறியவர்களில் ‘மலைக் கூலிகள்’ என்று குறிக்கப்பட்ட சோட்டா நாக்பூர்ப் பழங்குடிகள் கணிசம். அதே சோட்டா நாக்பூர்தான் இன்றைய ஜார்க்கண்டின் பெரும்பகுதி. குன்னூர், கோத்தகிரி மளிகைக் கடைகளில் சுக்கையும் வெல்லத்தையும் இந்தியில் கேட்டு வாங்குகிறவர்களைக் காணலாம். அவர்களில் பிள்ளை பெறுகிறவளின் தாய் ராஞ்சிக்கு அப்பால் இருக்கிறாள். கிண்டித் தர லயனில் உடன் வந்தவர்கள்தான் இருக்கிறார்கள். பருவத்துக்கு ஒரு தோட்டம், இடைத்தரகர் வழியே கூலி என்று நகரும் அந்தப் பெண் ஒவ்வொரு இடத்திலும் சில வாரங்கள் வேலை செய்கிறாள். அவள் பெயர் எந்தத் தோட்டத்துப் பேரேட்டிலாவது ஓராண்டில் மொத்தம் 80 நாள் ஏறியிருக்கிறதா என்பதைப் பொறுத்துத்தான் அவளுக்கு விடுப்புச் சம்பளம் கிடைக்கும்.